வெளிநாட்டுப் படிப்பு: பணத்துக்கு என்ன வழி?

*மகளுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் வருமானத்தைக் காட்டினால் கட்டணத்தைக் குறைப்பார்களா?*

பெரும்பாலும் மாட்டார்கள். குடும்ப நிலைமை பார்த்துத் தரும் உதவி அங்கே முக்கியமாக இளநிலைப் படிப்புக்குத்தான். அதையும் வெளிநாட்டு மாணவருக்கு முழுமையாகத் தருபவை ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்ற சில மட்டுமே. முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். காட்டினால்தான் பல்கலைக்கழகம் ஐ-20 படிவம் தரும். அது இருந்தால்தான் விசா. வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். சாப்பாட்டுச் செலவு தேறலாம், கட்டணம் தேறாது.

*எண்ணூர் கத்திவாக்கத்தில் சொந்த வீடு இருக்கிறதே, அதன் பேரில் கடன் கிடைக்காதா?*

வீடு இருந்தால் மட்டும் போதாது. அரசு வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் வேண்டாம். அதற்கு மேல் அசல் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என எல்லாவற்றையும் வங்கி வழக்கறிஞர் துருவிப் பார்ப்பார். எண்ணூர்ப் பிள்ளைகள் இடறுவது இங்கேதான். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, வீட்டு வரியும் கரன்ட் பில்லும் ஒழுங்காகக் கட்டும் குடும்பத்தின் மனை, வருவாய்த் துறைக் கணக்கில் இன்னும் புறம்போக்காக இருக்கும். வாரியக் குடியிருப்பு என்றால் ஒதுக்கீட்டு ஆணை இருக்கும், விற்பனைப் பத்திரம் இருக்காது. வரி ரசீதை நம்பி எந்த வங்கியும் அடமானம் வாங்காது. தாத்தா பெயரில் பத்திரம் இருந்தால் அத்தை, சித்தப்பா எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருவொற்றியூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா நிலையைக் கேட்டுவிடுங்கள்.

*தனியார் நிதி நிறுவனங்கள் சொத்து இல்லாமலே 40 லட்சம் தருகிறார்களாமே?*

தருகிறார்கள். 12 சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 40,000 ரூபாய். அரசு வங்கியில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். பெயர் தெரியாத கல்லூரிக்கு, ஏஜென்ட் பேச்சைக் கேட்டு இந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

*அரசு உதவித்தொகை?*

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் ஆண்டுக்கு 36 லட்சம் வரை கிடைக்கும். மீனவக் குப்பங்களின் மிகப் பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாப்செட்கோவில் விசாரிக்கலாம், அங்கே கிடைப்பது கடன்தான். அந்தப் பிள்ளைகளுக்கும் இப்படியொரு உதவித்தொகை அவசியம் வேண்டும்.

*செலவு குறைந்த வழி ஏதாவது?*

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வசூலிக்கிறது. விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ, சுமார் 12 லட்சம் ரூபாய், முடக்கக் கணக்கில் போட வேண்டும். அது உங்கள் பணம்தான். மாதம் 992 யூரோவாக மாணவர் கைக்கே திரும்பும். சொத்து ஜாமீன் இல்லாத 7.5 லட்சம் கடனையும் சேமிப்பையும் வைத்து, வீட்டைத் தொடாமல் எண்ணூர்க் குடும்பம் ஒன்று துணிந்து போடக்கூடிய கணக்கு இது.