தூரத்து ரசிகன்: திருமயத்தில் இருந்து ஒரு ஜப்பானிய ராக் பாடகரைக் கேட்பது

நம்ம பக்கத்தில் ரசிகன் என்றாலே கூட்டம்தான். மன்றம், அதற்கொரு தலைவர், முச்சந்தியில் பெயர்ப்பலகை, முதல் நாள் காட்சிக்கு கட்-அவுட், பால், பட்டாசு. தனியாக ஒருத்தன் உட்கார்ந்து ரசித்தால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் இன்னொரு வகை ரசிகர் உண்டு. கலைஞர் ஒரு நாட்டில் இருப்பார், ரசிகன் வேறு நாட்டில் இருப்பான். நடுவில் மொழி, கடல், காசு. இந்தத் தூரத்து ரசிகன் எப்படி உருவாகிறான், அவனுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காமலே போகிறது என்பதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதிப் பார்க்கிறேன். கையில் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. ஒன்று, இருபது வருடத்துக்கு மேலாக ஹிதே என்ற ஜப்பானிய ராக் பாடகரைக் கேட்டுவரும் நான். இன்னொன்று, ஜப்பானில் இருக்கும் ரஜினி ரசிகர்கள்.

யார் இந்த ஹிதே?

இயற்பெயர் மட்சுமோட்டோ ஹிதேட்டோ. ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால் வரும், நம்ம இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 13-ஆம் தேதி யோகோசுகாவில் பிறந்தவர். எக்ஸ் ஜப்பான் என்ற பெரிய ராக் குழுவின் கிடார் கலைஞர். அந்தக் குழு 1997 டிசம்பர் 31 அன்று டோக்கியோ டோமில் கடைசி நிகழ்ச்சி நடத்திக் கலைந்தது. அதற்கு முன்பே, 1994-இல், தனி ஆல்பம் போட ஆரம்பித்துவிட்டார். இளஞ்சிவப்புத் தலைமுடி, மஞ்சள் கிடார், கரகரப்பும் கிண்டலும் கலந்த குரல்.

ஆங்கில எழுத்தில் அவர் பெயரைப் பார்ப்பவர்கள் 'ஹைட்' என்று படித்துவிடுவார்கள். அவருக்கும் அது தெரியும். முதல் தனி ஆல்பத்துக்கு 'ஹைட் யுவர் ஃபேஸ்' என்று பெயர் வைத்து அந்தச் சொல்லோடு விளையாடியிருக்கிறார். தமிழில் ஹிதே என்று எழுதினால் உச்சரிப்பு ஏறக்குறைய சரியாக வந்துவிடும். சொல்லின் நடுவில் வரும் தகரத்தை நாம் மென்மையாகச் சொல்வது இங்கே உதவிக்கு வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ஹிதேயே ஒரு தூரத்து ரசிகர்தான். பள்ளி வயதில் அமெரிக்க ராக் குழுவான கிஸ்ஸின் 'அலைவ்' இசைத்தட்டைக் கேட்டுக் கிறுக்குப் பிடித்தவர். பாட்டி வாங்கிக் கொடுத்த கிடாரில் பழகினார். அவர் வளர்ந்த யோகோசுகாவில் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கிறது. கடல் தாண்டி வந்த பாட்டைக் கேட்டு வளர்ந்த பையன் போட்ட பாட்டு, இன்னும் சில கடல்கள் தாண்டி என்னிடம் வந்தது.

பாட்டு வந்தது, பெயர் வரவில்லை

நான் இன்ஜினியரிங் படித்த 2000-களின் தொடக்கத்தில் ஹாஸ்டலில் ஒரு எம்பி3 சிடி சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒரு ஃபோல்டர் முழுக்க ஏதோ கிறுக்கல் எழுத்துகள். திறந்தால் பாட்டு ஓடும், யார் பாடியது, என்ன பாட்டு, ஒண்ணும் தெரியாது.

இந்தக் கிறுக்கலுக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் மொஜிபாகே, உருமாறிப்போன எழுத்து என்று பொருள். நடப்பது இதுதான். அந்தக் காலத்து ஜப்பானியக் கணினிகள் பெரும்பாலும் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற முறையில் எழுத்துகளைச் சேமித்தன. அதில் ஒரு காஞ்சி எழுத்துக்கு இரண்டு பைட். நம்ம ஹாஸ்டல் கணினி ஒவ்வொரு பைட்டையும் ஒரு ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துக் காட்டும். விளைவு, கொம்பும் புள்ளியும் வைத்த லத்தீன் எழுத்துக் குப்பை.

தமிழில் இணையம் பார்த்த பழைய ஆட்களுக்கு இது புதிதில்லை. திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியேற்றம், பத்திரிகைக்கொரு எழுத்துரு என்று இருந்த காலத்தில், சரியான எழுத்துரு இல்லாவிட்டால் நம்ம செய்தித்தாளும் இதே குப்பையாகத்தான் தெரியும். யூனிகோட் பரவிய பிறகுதான் இரண்டு மொழிக்காரர்களுக்கும் விடிவு வந்தது. பைட்டுகளைச் சரியான முறையில் திரும்பப் படித்து யூனிகோடுக்கு மாற்றும் நிரல் ஒன்றை எழுதினேன், மொத்தம் பதினைந்து வரி இருக்கும். ஓட்டியதும் அந்த ஃபோல்டரின் பெயர்கள் ஜப்பானிய எழுத்துகளாக மாறின. படிக்கத்தான் தெரியவில்லை.

மற்ற தடைகளையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஒரு ஆல்பம் சிடி சுமார் 3000 யென். அன்றைய மதிப்பில் ஆயிரம் ரூபாய்க்கு மேல், எங்கள் மெஸ் பில்லுக்கு ஈடான தொகை. டிவிடி வாங்கினாலும் ஜப்பான் மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5, நம்ம பிளேயரில் ஓடாது. ரசிகர் மன்றங்களில் சேரலாம் என்றால் ஜப்பானிய முகவரி கேட்பார்கள். இன்று அனிமே வழியாக இந்த இசைக்குள் வரும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கற்காலக் கதை.

அ இ உ எ ஒ

எழுத்தாவது கற்றுக்கொள்வோம் என்று ஹிராகானா அட்டவணையைத் திறந்தேன். முதல் வரிசை அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்ம ஊர் அரிச்சுவடி மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். காரணம் இருக்கிறது. பௌத்தத் துறவிகள் சித்தம் என்ற இந்திய எழுத்தின் வழியே சமஸ்கிருத ஒலியியலைக் கற்றார்கள், அந்த வரிசையில் தங்கள் எழுத்துகளை அடுக்கினார்கள். நாம் 'ப' வைக்கும் இடத்தில் அங்கே 'ஹ' இருப்பதும் தற்செயல் இல்லை. அந்த ஒலி ஒரு காலத்தில் 'ப' ஆக இருந்தது என்பது மொழியியலாளர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம்.

வாக்கிய அமைப்பும் நமக்கு வசதி. எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை. வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு பாட்டின் வரி தலைகீழாகிவிடும். தமிழில் போட்டால் பெரும்பாலும் அதே வரிசையில் வந்து நிற்கும். பேராசிரியர் சுசுமு ஓனோ ஜப்பானியமும் தமிழும் உறவு மொழிகள் என்று பல காலம் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை, அமைப்பு ஒத்துப்போவதால் மட்டும் உறவு நிரூபணம் ஆகாது. ஆனால் கற்றுக்கொள்பவனுக்கு இந்த ஒற்றுமை பெரிய உதவி.

எங்கள் மாவட்டத்துக் குடுமியான்மலையில் ஒரு இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, கிரந்த எழுத்து, ஏழு பண்களுக்கான சுரக்கோவைகள். திருமயம் சிவன் குகைக்கோவிலிலும் 'பரிவாதினி' என்ற யாழின் பெயர் கல்லில் மிச்சம் இருக்கிறது. அங்கே எழுத்து நிற்கிறது, அது எப்படி ஒலித்தது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு ஹிதே விஷயத்தில் இதற்கு நேர் எதிர். ஒலி முழுசாக இருந்தது, பொருள் இல்லை. இரண்டிலும் மிச்சப் பாதியை நாம்தான் உழைத்துத் தேட வேண்டும்.

தேடியதில் முதலில் அகப்பட்டது 'பிங்க் ஸ்பைடர்'. அதிரடியான கிடார், ஆட்டம் போட வைக்கும் பாட்டு. அகராதி வைத்து ஒரு மாதம் உட்கார்ந்து படித்தபோது கதை வேறாக இருந்தது. தன் வலை வெட்டிக் காட்டும் துண்டுதான் வானம் என்று நம்பும் சிலந்தி. வெளியே பெரிய வானம் இருக்கிறது என்று தெரிந்ததும் பட்டாம்பூச்சியின் சிறகைப் பறித்துக்கொண்டு பறக்கப் பார்க்கிறது, விழுகிறது. வலை என்ற சொல்லுக்கு இன்று இருக்கும் இன்னொரு பொருளோடும் இதைப் படிக்கலாம். கணினித் திரை என்ற சதுரத்துக்குள் டோக்கியோவைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எங்கே பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் பொருள் தெரியாமல் கேட்ட வருடங்கள் வீணா? அதெல்லாம் இல்லீங்க. கிடார் சொன்னதை அப்போதே கேட்டுவிட்டேன். சொற்கள் சொன்னது பிறகு வந்து சேர்ந்தது. ஒரே பாட்டை இரண்டு முறை புதிதாகக் கேட்கும் வாய்ப்பு ஜப்பானிய ரசிகனுக்கு இல்லை.

அந்தப் பக்கம்: முத்து

இனி கடலின் மறுகரை. 1995-இல் வந்த 'முத்து' படத்தை ஜூன் எடோகி என்ற ஜப்பானியத் திரை விமர்சகர் சிங்கப்பூரில் பார்த்து, அதை எப்படியாவது ஜப்பானுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முனைந்தார். 1998 ஜூன் 13-ஆம் தேதி டோக்கியோ ஷிபுயாவில் சினிமா ரைஸ் தியேட்டரில் வெளியானது. தலைப்பு 'முத்து: ஆடும் மகாராஜா'. அந்த ஒரு தியேட்டரில் மட்டும் 23 வாரம் ஓடியது, ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் பார்த்தார்கள். ஜப்பானில் அதிகம் வசூலித்த இந்தியப் படம் என்ற இடம் 2022-இல் 'ஆர்ஆர்ஆர்' வரும்வரை அதனிடம்தான் இருந்தது. 2018-இல் மறுபடி மெருகேற்றித் திரையிட்டார்கள்.

அந்த ரசிகர்களுக்கும் என் தடைகளேதான். ஜப்பானிய வசன வரிகளில் ஒரு நொடிக்கு நான்கு எழுத்துதான் என்பது தொழில் வழக்கம். ரஜினி பேசும் வேகத்துக்கு நான்கு எழுத்தில் எவ்வளவு வரும்? பாதிக்கு மேல் விட்டுப்போயிருக்கும். நடை, துண்டு வீசுவது, ரஹ்மானின் தாளம், இவற்றை வைத்துத்தான் அவர்கள் ரசிகர்கள் ஆனார்கள். பிறகு சிலர் தமிழ் எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். சிலர் ரஜினி படத்தின் முதல் நாள் காட்சிக்குச் சென்னைக்கே வருகிறார்கள். நம்ம தொலைக்காட்சிகள் அவர்களை வேடிக்கையாகக் காட்டும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் பக்கத்தில் நிற்கும் நான்தான் அவர்கள்.

இரண்டு பக்கத்திலும் வரிசை ஒன்றுதான். முதலில் யாரோ ஒருவர் பொருளைக் கொண்டுவந்து சேர்க்கிறார், அங்கே எடோகி, இங்கே சிடியில் நகல் எடுத்த முகம் தெரியாத சீனியர். அடுத்து உடம்பு புரிந்துகொள்கிறது. மொழி கடைசியில் வருகிறது, அதுவும் ரசிகன் தானே கூலி கொடுத்தால்தான்.

கிடைக்காதது

'முத்து' வெளியாவதற்குச் சரியாக ஆறு வாரம் முன்பு, 1998 மே 2 அன்று, ஹிதே இறந்துவிட்டார். வயது 33. தற்கொலை என்றது காவல்துறை, விபத்தாகத்தான் இருக்கும் என்றார்கள் உடன் இருந்தவர்கள். 'பிங்க் ஸ்பைடர்' வெளியானது மே 13. மே 7 அன்று நடந்த இறுதிச் சடங்குக்குச் சுமார் 50,000 பேர் திரண்டார்கள். துக்கம் தாங்காமல் சில இளம் ரசிகர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதால், அப்படிச் செய்யாதீர்கள் என்று குழுவின் தலைவர் யோஷிகி வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 1987 டிசம்பரில் எம்ஜிஆர் இறந்தபோது தமிழ்நாடு பார்த்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்.

சடங்கு நடந்த இடம் ட்சுகிஜி ஹொங்கான்ஜி கோவில். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டி 1934-இல் முடித்தார்கள். இந்தியா உட்பட ஆசியா முழுக்கச் சுற்றிய கட்டடக் கலைஞர் இட்டோ சூட்டா, அதைப் பழைய இந்தியக் கட்டட பாணியில் வடிவமைத்தார். படத்தில் பார்த்தால் நம்ம நாட்டுச் சைத்தியக் குகையின் முகப்பு டோக்கியோவில் முளைத்த மாதிரி இருக்கும். ரசிகர்கள் எழுதி வைக்க அங்கே அவருக்காக ஒரு மூலையும் நோட்டுப் புத்தகங்களும் வைத்திருக்கிறார்கள்.

நான் முதல் பாட்டைக் கேட்டபோதே அவர் இல்லை. இது தூரத்து ரசிகனுக்கு அடிக்கடி நேர்வது, நட்சத்திர ஒளி மாதிரி எல்லாம் தாமதமாகத்தான் வரும். இறந்தது தெரிந்த அன்று ஹாஸ்டலில் யாரிடம் சொல்வது? ஊருக்குப் போனால் யாரிடம் சொல்வது? துக்கம் என்பது நம்மிடையே பலர் கூடிச் செய்கிற காரியம். சேர்ந்து அழ ஆள் இல்லாத துக்கத்துக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தூரத்து ரசிகனுக்குக் கிடைக்காத பெரிய விஷயம் கச்சேரி என்று பலர் நினைப்பார்கள். என் அனுபவத்தில் அது துணைதான்.

2014-இல், அவர் பாதியில் விட்டுப்போன 'கோ கியாரு' என்ற பாட்டைக் குரல் தொகுப்பு மென்பொருள் கொண்டு முடித்து வெளியிட்டார்கள். தொழில்நுட்பக்காரனாக வியந்தேன். ரசிகனாக இரண்டு முறை கேட்டு நிறுத்திவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது இன்னொரு பாட்டு இல்லை, இருக்கும் பாட்டைப் பேச இன்னொரு ஆள்.

அதற்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மே 2-ஆம் தேதியும் ஒரு பாட்டைத் தமிழில் உரைநடையாக எழுதுவேன். வருடத்துக்கு ஒன்றுதான், அவசரம் இல்லை. இதுவரை பதினான்கு ஆகியிருக்கிறது. போன வருடம் எழுதியதை என் தங்கை மகள் எடுத்துப் படித்துவிட்டு, "மாமா, இந்தச் சிலந்தி அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள். பாட்டைப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள்.