இறந்த மாட்டின் கண்திரவமும் சாவின் காரணமும்

மாலையில் நன்றாக மேய்ந்த பசு, காலையில் வரம்போரத்தில் இறந்து கிடக்கும். அயலவர் நஞ்சு வைத்தாரோ என்ற ஐயம் உடனே எழும். சில வேளை வழக்கும் எழும். புதைத்த பின் உண்மையை அறிய வழியில்லை.

கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறைக் கமக்காரர் அறிய வேண்டியது யாதெனில், அவ்வுண்மை மாட்டின் கண்ணிற் சிறிது காலம் தங்கியிருக்கக் கூடும் என்பதே. சாவின் பின் இரத்தம் விரைவிற் கெடும். நம் கரையோர வெப்பத்தில் வயிறும் சில மணி நேரத்தில் வீங்கிவிடும். கண்ணோ மூடிய உருண்டை. அதன் முன்னறையிலுள்ள நீர்மயவுடனீரும், பின்னறையிற் கூழ்போன்றுள்ள கண்ணாடியுடனீரும் இரத்தத்திலும் பார்க்கத் தாமதித்தே கெடும். இவை கண்ணீர் அல்ல என்பதை நினைவிற் கொள்க.

யூரியா முதலிய நைதரசன் பசளை மிகுதியாக இட்ட நிலத்திலே, சோளமும் முள்ளுக்கீரை போன்ற களைகளும் நைத்திரேற்றைத் தம்முள் சேர்த்துவைக்கும். வறட்சியில் வாடிய பயிரில் இது இன்னும் மிகும். பசித்த மாடு அவற்றை ஒரேயடியாகத் தின்றால், இரைப்பையில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி இரத்தத்திற் கலக்கும். அப்பொழுது இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து கோப்பி நிறமடையும். மாடு மூச்சுத் திணறி மாளும். இரத்தத்தின் நிறம் பின்னர் மாறினாலும், கண்திரவத்தில் நைத்திரேற்றை அளந்தறியலாம். அங்ஙனம் மிகுதியாகக் காணப்படின் குற்றம் அயலவருடையதன்று. நமது பசளைச் சாக்கினுடையதாகவும் இருக்கலாம்!

மகனீசியக் குறைவால் வலிப்புற்று இறந்த மாட்டையும் இவ்வாறே அறியலாம். கண்ணாடியுடனீரில் லீற்றருக்கு 0.55 மில்லிமோலுக்குக் குறைவாக மகனீசியம் இருப்பின் அந்நோயென ஐயுறலாம். பூச்சிகொல்லி நஞ்சையறியக் கண்திரவம் போதாது. இரைப்பையிலுள்ள தீனியும் ஈரலும் வேண்டும்.

மாடு இறந்தவுடன் கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். அவர் வருமளவும் உடலை நிழலில் வைத்துத் தலையை ஈரச் சாக்கினால் மூடுங்கள். காகம் முதலிற் கொத்துவது கண்ணையே. ஊசியாற் திரவம் எடுப்பது வைத்தியரின் வேலை. எடுத்ததைப் பனிக்கட்டியில் வைத்தே ஆய்வுகூடத்திற்கு அனுப்புவர். மாடு அண்மையில் எதைத் தின்றது, எப்பசளை எப்பொழுது இடப்பட்டது என்பவற்றை மறைக்காது கூறுங்கள்.

மூக்கிலும் மலவாயிலும் கரிய இரத்தம் கசிந்திருப்பின், அடைப்பான் நோயாக இருக்கலாம். அவ்வுடலைத் தொடவோ, அறுக்கவோ, தோலுரிக்கவோ வேண்டாம். அந்நோய் மனிதரையும் பற்றும்.