நூறு ரூபாய்க்குள் சினிமா லொக்கேஷன் பார்ப்பது எப்படி?



கே டிவியில ஒரு படம் ஓடும்போது, “ஏல, இது நம்ம ஊர்ப் பக்கம்தான்!” என்று கத்தாதவர் நம்ம பள்ளிக்கூடத்தில் யாராவது உண்டா? கத்துவதோடு விடாமல் நேரில் போய்ப் பார்த்தால் என்ன என்று நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். ஏரல்ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக நம்மகிட்ட காசு ஏது? ஆளுக்கு நூறு ரூபாய், அதுக்கு மேல கிடையாது என்பதுதான் ஒப்பந்தம். என் நூறு, தாத்தா தந்தது. ஒருத்தன் உண்டியலை உடைத்தான். இன்னொருத்தன் எப்படிக் கொண்டு வந்தான் என்று இங்கே எழுத வேண்டாம், அவங்க அப்பாவும் இதைப் படிப்பாங்க. நாலாவது நண்பனின் நூறு, அவன் ஞாயிற்றுக்கிழமை வாழைத்தார் சுமந்து சம்பாதித்தது. அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதல் பயணமே சொதப்பல்!

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் நடிகர் திலகம் நின்ற கோட்டையைப் பார்க்கப் போகிறோம் என்று பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனோம். ஏரல்ல இருந்து தூத்துக்குடி, அங்கிருந்து ஒட்டப்பிடாரம் பஸ். கோட்டைக்குள்ள நுழைந்ததும் நான், “இந்தப் படியிலதான் சிவாஜி இறங்கி வருவாரு” என்று விளக்கம் வேறு கொடுத்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். “தம்பி, படம் வந்தது 1959. இந்தக் கோட்டையைக் கட்டுனது 1974. சிவாஜி எப்படிய்யா இதுல இறங்குவாரு?” என்று கேட்டார். எங்களுக்கு முகமே இல்லை.

விஷயம் என்னவென்றால், 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை மறுபடி எழுப்பிய கோட்டையையும் 1801-இல் வெள்ளையர்கள் பிடித்துத் தரைமட்டமாக்கி விட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. படம் எடுத்த காலத்தில் அங்கே கோட்டையே கிடையாது! போர்க் காட்சிகளை எடுக்க பி.ஆர்.பந்துலு எங்கே போனார் தெரியுமா? ராஜஸ்தானில் இருக்கும் ஜெய்ப்பூருக்கு. நம்ம கதையை எடுக்க அம்புட்டுத் தொலைவு!

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. கதை நடக்கிற இடம் வேறு, படம் பிடித்த இடம் வேறு. கையில் காசு குறைவாக உள்ளவன் பஸ் ஏறும் முன்னால் இதை விசாரித்துவிட வேண்டும். காசு உள்ளவனுக்கு ஏமாந்தாலும் ஒரு நாள்தான் போகும், நமக்கோ இரண்டு மாதச் சேமிப்பு.

இன்னும் கேளுங்க. ‘நாயகன்’ (1987) படத்தில் வேலு நாயக்கர் சின்னப் பையனாகத் தூத்துக்குடியில் இருந்துதான் பம்பாய்க்கு ஓடுவார். ஆனால் அந்தத் தாராவி குடிசைகளில் பெரும்பகுதி, சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட். அதற்காக அவருக்குத் தேசிய விருதே கிடைத்தது. அப்போ பம்பாய்க்கே போனாலும் அந்தத் தெருவைப் பார்க்க முடியாது. தமிழ் சினிமாவை ஸ்டுடியோவில் இருந்து கிராமத்துக்கு இழுத்து வந்த படம் என்று ‘16 வயதினிலே’யை (1977) சொல்வார்கள் இல்லையா? மயிலும் சப்பாணியும் இருந்த அந்தக் கிராமம்கூட கர்நாடகாவில் கொள்ளேகால் பக்கம் எடுத்ததுதான்.

ஏன் இப்படி அலைகிறார்கள்? அந்தக் காலத்து பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். கேமராவும் லைட்டும் மலை மாதிரி கனம். தெருவில் எடுத்தால் கூட்டம் கூடிவிடும், பின்னால் ஒருத்தர் கை காட்டுவார், பஸ் ஹாரன் கேட்கும். ஸ்டுடியோவில் இந்தத் தொல்லை இல்லை. வெளியே போனால் தங்க இடம், ஜெனரேட்டர், அனுமதி, சாப்பாடு என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எங்கே அது மலிவாக, சுலபமாகக் கிடைக்கிறதோ அங்கே போவார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்களுக்கும் பட்ஜெட், நமக்கும் பட்ஜெட்!

பாஞ்சாலங்குறிச்சி போனது முழுக்க நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பழைய கோட்டையின் அடித்தளத்தை வேலி போட்டுக் காத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் அவராக நடித்ததும் சிவாஜிதான், இயக்கியதும் அதே பந்துலுதான். ஒரே பஸ் செலவில் இரண்டு படம்! கயத்தாறு போகிறவர்கள் கட்டபொம்மன் சிலையைப் பாருங்கள். அதை 1970-இல் நிறுவியவர் சிவாஜி கணேசன். அங்கே ஷூட்டிங் நடக்கவில்லை, ஆனால் நடித்தவர் தான் நடித்த மனுஷனுக்காகச் செய்தது என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு அதுதான் பெரிய லொக்கேஷனாகத் தெரிகிறது.

மணப்பாடு

இரண்டாவது முறை ஏமாறவில்லை. மணிரத்னத்தின் ‘கடல்’ (2013), சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ (2012) இரண்டையும் எடுத்தது நம்ம மணப்பாட்டில். நன்றாக விசாரித்த பிறகே கிளம்பினோம்.

வழி சுலபம். ஏரல், குரும்பூர், திருச்செந்தூர். அங்கே பஸ் மாறினால் குலசேகரபட்டினம் தாண்டி மணப்பாடு. இங்கே ஒரு குடும்பக் கதை. நான் போவதைக் கேட்ட எங்க அக்கா, “2021-ல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. உன்னவிட எனக்குத்தான் செலவு கம்மி. ஆனா என்னை யாருல தனியா விடுவா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அம்மாவிடம் போய் நின்றேன். கடைசியில் அம்மாவும் அக்காவும் எங்களோடு வந்தார்கள். டவுன் பஸ்ஸாகப் பார்த்துக் காத்திருந்து ஏறினோம். நேரம் கூட ஆனது, ஆனால் அவர்கள் இருவருக்கும் பஸ் செலவு பூஜ்யம். அம்மா வந்ததால் புளிச்சோறும் பருப்புத் துவையலும் வந்தது. மாணவிகள் இந்த வழியை யோசிக்கலாம்.

கட்டுச்சோறு இல்லாதவர்களும் பயப்பட வேண்டாம். திருச்செந்தூர் கோயிலில் 2021-இல் இருந்து நாள் முழுக்க அன்னதானத் திட்டம் இருக்கிறது. சஷ்டி, விசாகம் சமயத்தில் மட்டும் போகாதீர்கள், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. மணப்பாட்டிலும் செப்டம்பர் 14-ஐ ஒட்டி திருச்சிலுவைத் திருவிழா, அப்போதும் கூட்டம்தான்.

மணப்பாட்டை எப்படி விவரிக்க? கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் மேடு. அதன் உச்சியில் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். கீழே, 1542-இல் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழி, நடுவில் படகுகள், கலங்கரை விளக்கம். ஒரு இடத்தில் நின்று நாலு திசையும் திரும்பினால் நாலு வேறு ஊர் மாதிரி இருக்கிறது. கேமராக்காரர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

நான் ஆர்வக்கோளாறில் கடற்கரையில் ஓடிப்போய் நின்று, “இங்கதான் எடுத்திருப்பாங்க!” என்று கை நீட்டினேன். பின்னால் இருந்து ஒரு குரல்: “தம்பி, நீங்க நிக்கியது எங்க வலை மேல. எறங்குங்க.”

காயப் போட்டிருந்த வலை! பார்க்கவே இல்லை. வலையில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதைப் பிணைப்பதற்கு அவருக்கு வேலை. நான் மன்னிப்புக் கேட்டேன். ஐயா கோபப்படவில்லை. “படம் பிடிக்க வந்தவங்களும் மொத நாள் இப்படித்தான் நின்னாங்க” என்று சிரித்தார். பிறகு அவரே எங்களை அழைத்து, எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டு கையாலும் ஒரு சதுரம் செய்து அதற்குள்ளே பார்க்கச் சொன்னார். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தால் கோயில் வருகிறது, கலங்கரை விளக்கம் மறைகிறது. இன்னும் நகர்ந்தால் வீடுகளே இல்லாத வெறும் மணல்! நாலு எட்டு நடந்தால் ஊர் காணாமல் போய்விடுகிறது. கேமரா பொய் சொல்வதில்லை, ஆனால் தனக்கு வேண்டாததைச் சொல்வதும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் போவதாக இருந்தால் படத்தைப் பார்க்கும்போதே ஒரு நோட்டில் மூன்று அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள்: கோபுரம், மேடு, மரம் என்று அசையாத பொருளாக இருக்கட்டும். படகைக் குறித்தால் அது உங்களுக்காக அங்கேயே நிற்காது. சூரியனையும் கவனியுங்கள். நம்ம கரையில் சூரியன் கடலில் இருந்து எழும்பும். படத்தில் கடலுக்குள் இறங்கினால், ஒன்று மேற்கு பார்த்த கரையாக இருக்க வேண்டும், அல்லது விடியற்காலையை எடுத்து மாலை என்று காட்டியிருக்க வேண்டும். ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986) இரண்டையும் பாரதிராஜா எடுத்த குமரி மாவட்டத்து முட்டத்தில் கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். முட்டம் போக நூறு ரூபாய் பத்தாது, அதனால் அது பிறகு.

மணப்பாடு பயணத்தில் ஆளுக்கு எட்டு ரூபாய் மிச்சம்!

டிக்கெட் இல்லாத லொக்கேஷன்

இப்போது நாலாவது நண்பனுக்கு வருகிறேன். மாரி செல்வராஜின் ‘வாழை’ (2024) படம் பார்த்துவிட்டு நான் அழுததை அவன் பார்த்துவிட்டான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போகிற கதை. இயக்குநர் தன் சிறு வயசு அனுபவத்தை வைத்து எடுத்தது. அவருடைய ஊர் புளியங்குளம், ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கம். “அடுத்து அங்க போவோம்ல” என்றேன்.

அவன் சொன்னான்: “அங்க போயி எதப் பாக்கப் போற? தோப்பதான? ஞாயித்துக்கிழம என்கூட வா. டிக்கெட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

போனேன். ஏரல் பாலத்தில் இருந்து நடக்கிற தூரம்தான். அத்தனை வருஷம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த தோப்பு, உள்ளே போனால் வேறு மாதிரி இருக்கிறது. வெட்டுகிறவர் தாரை வெட்டி இறக்கியதும், தலையில் சும்மாடு வைத்து அதன் மேல் ஏற்றுவார்கள். பாதையெல்லாம் சேறு. வாய்க்காலைத் தாண்ட ஒரு பனந்தடி. தலையில் பாரம் இருப்பதால் கீழே குனிந்து பார்க்க முடியாது, காலே வழி தேட வேண்டும். லாரிவரை போய் இறக்கிவிட்டு மறுபடி ஓட்டம். ஏத்தன் தார், சக்கைத் தார் என்று ரகத்துக்கு ரகம் கனம் மாறும். அவன் நாற்பது நடை நடந்ததாகக் கணக்குச் சொன்னான். நான் ஒரே ஒரு தார் சுமந்தேன். லாரிக்குப் போய்ச் சேரும் முன்னால் கழுத்து பிடித்துக்கொண்டது.

அவன் ஒரு விஷயம் சொன்னான். ‘வாழை’ ஷூட்டிங் தொடங்கியது 2022 நவம்பரில். நம்ம ஊரையெல்லாம் வெள்ளம் கொண்டுபோனது 2023 டிசம்பர் 17, 18-இல். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததே, அந்த வெள்ளம். அவங்க அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பு மொத்தமும் அதில் சாய்ந்தது, தார் வெட்ட இரண்டு மாதம் இருக்கும்போது. அந்தக் கடனுக்காகத்தான் இவன் ஞாயிற்றுக்கிழமைகளில் சுமக்கிறான். “படத்துல பாத்தேன்ல, வெள்ளத்துக்கு முன்னாடி நம்ம பக்கம் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. எங்க அப்பா ரெண்டு தடவ பாத்தாரு. கத என்னன்னு கேட்டா சரியா சொல்லத் தெரியல, தோப்பதான் பாத்தாராம்” என்றான்.

இரண்டு வருஷமாக ஒரே பெஞ்சில் இருக்கிறோம். அவன் திங்கட்கிழமை வகுப்பில் தூங்குவதைப் பார்த்து நானும்தான் சிரித்திருக்கிறேன்.

வெள்ளம் போன பிறகு வைத்த கன்று வளர்ந்து, இப்போது மறுபடி தோப்பாக நிற்கிறது. பார்க்க விரும்பும் நண்பர்கள் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் எங்களிடம் சொல்லுங்கள். கட்டுச்சோறு கொண்டு வாருங்கள். பழைய சட்டையாகப் போட்டு வாருங்கள், வாழைக்கறை எந்த சோப்புக்கும் போகாது. எனக்குப் பட்ட கறையை அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.