திரைக்கு அப்பால் சென்ற சட்டம்

வங்காளத்துப் பெரிய ஜமீன் மாளிகைகளிலே அந்தப்புரத்துக்கும் வெளிமுற்றத்துக்கும் இடையே ஒரு திரை தொங்கும். அதற்கு அப்பால் வாழும் பெண்ணை அந்நிய ஆடவன் காணலாகாது. ஆனால், சொத்து மட்டும் அத்திரையை மதிப்பதில்லை. கணவன் கண்மூடியதும் நிலமும் கடனும் வழக்கும் அவள் பெயரிலோ, பாலகனாகிய மகன் பெயரிலோ வந்து சேரும். காரியஸ்தன் ஒருவன் உறுதியொன்றைக் கொண்டுவந்து திரைக்கு வெளியே நின்று வாசிப்பான். எழுதியதைத்தான் வாசித்தானோ, யார் கண்டார்? உள்ளிருந்து ஒரு கை நீளும்; பெருவிரல் அடையாளம் பதியும். அது அவள் கைதான் என்று சாட்சி சொல்பவனும் அவளுடைய உறவினனே.

நீதிமன்றங்கள் இக்கேட்டை அறியாமலில்லை. திரைமறைவில் வாழும் பெண் எழுதிக் கொடுத்த உறுதியைக் கொண்டு பயன்பெற வருபவன், அதன் பொருள் அவளுக்கு விளக்கப்பட்டதென்றும், விளங்கியே அவள் கைச்சாத்திட்டாளென்றும் தானே நிரூபித்தல் வேண்டும் என்பது இலண்டன் பிரிவிக் கவுன்சில் நிலைநாட்டிய விதி. நல்ல விதிதான். ஆனால், விளக்கிச் சொல்பவர் யார்? சட்டம் கற்றவர் யாவரும் ஆடவர். ஆடவர் யாவரும் திரைக்கு வெளியே.

(யாழ்ப்பாணத்தில் அத்தகைய திரை இல்லை. எனினும், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடிக்கும்போது, “வாசித்தது விளங்கியதா, பிள்ளை?” என்று அவளைத் தனியே அழைத்துக் கேட்ட வீடுகள் எத்தனை?)

இந்த இடைவெளியைக் கண்டு, அதை நிரப்புவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் கொர்னேலியா சொராப்ஜி அம்மையார். 1866ஆம் ஆண்டில் நாசிக் நகரிலே, கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தவர். பூனாவில் தக்காணக் கல்லூரியிலே கற்று, பம்பாய்ச் சர்வகலாசாலையின் முதற் பெண் பட்டதாரியானார். அவர் எய்திய சித்திக்கு, இங்கிலாந்து சென்று படிப்பதற்கான அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்திருத்தல் வேண்டும். பெண் என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டது. ஆங்கில நண்பர்கள் நிதி திரட்டினர். உதவியவர்களுள் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரும் ஒருவர். 1889இல் ஒக்ஸ்போட் சேர்ந்து, 1892இல் சட்டப் பரீட்சைக்குத் தோற்றினார். பெண்ணொருத்தி அப்பரீட்சை எழுதுவதற்குச் சர்வகலாசாலை தனித் தீர்மானம் ஒன்றே நிறைவேற்ற வேண்டியதாயிற்று. எழுத அனுமதித்த சர்வகலாசாலை பட்டத்தை வழங்கவில்லை. அதனைக் கையிற் பெற்றது 1922இல். முப்பது ஆண்டுகள்!

தாயகம் திரும்பியவருக்கு நீதிமன்றக் கதவுகளும் திறக்கவில்லை. சுதேச மன்னர்களின் சமஸ்தானங்களிலே சிலவேளை வாதாட இடம் கிடைத்தது. அங்கு நடந்த நீதியின் இலட்சணத்தையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். யானையொன்றுக்கு உரிய மானியத்தைக் காக்க அவர் வாதாடச் சென்றபோது, அரசர் வழக்கைக் கேளாமலே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தாராம். காரணம், அரசரின் நாய்க்கு அவரைப் பிடித்துவிட்டது! வென்றவர் மகிழ்ந்திருப்பாரோ, நாணியிருப்பாரோ!

பின்னர் அவர் வேறு வழியை நாடினார். திரைமறைவுப் பெண்களுக்குச் சட்ட ஆலோசனை கூற அரசாங்கமே ஒரு பெண்ணை நியமித்தல் வேண்டும் என்று இடைவிடாது மனுச் செய்தார். 1904இல் வங்காளத்து ‘கோர்ட் ஒஃப் வார்ட்ஸ்’ அவரை உத்தியோகத்தில் அமர்த்தியது. சிறுவர்களுக்கும், சொத்தை நிருவகிக்க இயலாதவர் எனக் கருதப்பட்ட பெண்களுக்கும் உரிய ஜமீன்களைப் பரிபாலித்த அரசாங்கத் திணைக்களம் அது. காலப்போக்கில் வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் ஆகிய நான்கு பகுதிகளும் அவர் பொறுப்பாயின. இரயிலிலும் படகிலும் பல்லக்கிலும் நெடுந்தூரம் பிரயாணஞ் செய்து, மாளிகை மாளிகையாகச் சென்றார். திரையை விலக்கி உள்ளே போய்ப் பாயில் அமர்ந்து, அப்பெண்களின் மொழியிலே பேசினார்.

அங்கே அவர் செய்தவற்றுள் பல, சட்டப் புத்தகத்தில் இல்லாதவை. வரவேண்டிய ஜீவனாம்சம் ஏன் வரவில்லை என்று கணக்கைப் பார்த்தார். மாமிக்கும் மருமகளுக்கும் இடையே மூண்ட பகையை நீதிமன்றம் போகுமுன்னரே தணித்தார். வாரிசாகிய சிறுவனின் உயிருக்கே உறவினரால் ஆபத்து நேரலாம் என்று அஞ்சிய தாய்மாரின் முறைப்பாட்டைக் கேட்டு, பாதுகாப்புக்கும் படிப்புக்கும் வழி தேடினார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் சுமார் அறுநூறு பெண்களும் சிறுவர்களும் அவர் உதவியைப் பெற்றனர் என்பர். நீதிமன்றத்தில் வாதாடுவது ஒன்றே சட்டத்தொழில் என்று எண்ணுவோர் இந்த வேலையைச் சற்று நினைத்துப் பார்த்தல் நன்று.

அதே வேளையில், தொழிலின் வாயில் மூடியே கிடந்தது. 1916இல் ரெஜினா குஹா என்னும் பெண்மணி, கல்கத்தாவில் சட்டப் பட்டம் பெற்றிருந்தும், வக்கீலாகப் பதிவு செய்ய முடியவில்லை. சட்டத்தில் ஆண்பாற் சொல் பெண்பாலையும் குறிக்கும் என்ற பொதுவிதி இருக்கவே, அது இங்கே பொருந்தாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1921இல் சுதாம்சுபாலா ஹஸ்ராவுக்குப் பட்னாவிலும் அதே மறுமொழிதான். அவ்வாண்டிலேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் மட்டும் துணிந்து கொர்னேலியா அம்மையாரைப் பதிவு செய்தது. 1923இல் இயற்றப்பட்ட தனிச் சட்டமே இந்தியா முழுவதிலும் இத்தடையை நீக்கியது. பெண்கள் வெளியே வருவது வழக்கமில்லை என்றே கதவடைத்தனர். அந்த வழக்கத்தினாலேயே பெண் சட்டத்தரணி இன்றியமையாதவள் ஆனாள் என்பதை மறந்தனர்.

அம்மையாரின் கொள்கைகள் யாவும் எனக்கு உடன்பாடல்ல. அவர் திரையைக் கிழிக்க முயன்றவரல்லர். கல்வி பரவுமுன் திரையை அகற்றலாகாது என்றே வாதித்தார். பிரித்தானிய ஆட்சியை ஆதரித்து, காந்தியடிகளின் இயக்கத்தை எதிர்த்தார். 1927இல் வெளிவந்து இந்தியரைப் புண்படுத்திய காதரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ நூலுக்கு அவர் காட்டிய ஆதரவு, அவருடன் சமூகப் பணியாற்றியவர்களையே விலகச் செய்தது. விடுதலையை நாடி வீதிக்கு வந்த பெண்களின் உள்ளத்தை அவர் அறியவில்லை என்றே சொல்லவேண்டும். ஆயினும், வீதிக்கு வரவே முடியாதிருந்தவர்களை அவரளவு அறிந்தவர் சிலரே.

1924இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் அவர் பதிவு பெற்றபோது வயது ஐம்பத்தேழு. எதிர்பார்த்த வழக்குகள் வரவில்லை. ஆடவர் வாதாடும் வழக்குகளுக்கு எழுத்திலே அபிப்பிராயம் தயாரித்துக் கொடுப்பதே அவருக்குப் பெரும்பாலும் கிடைத்த வேலை. 1929இல் தொழிலை விட்டு இலண்டன் சென்று, 1954இல் அங்கேயே காலமானார்.