4.9 கிலோமீட்டர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் கூருணர்வுப் பகுதிக்கான வரைவு 2024 ஜூலை 31-இல் வெளியானது. ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் கெடு இருந்தது. அது முடியப்போன நேரத்தில் தேனி மாவட்டம் சிலமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைக் கேட்டன: நியூட்ரினோ வழக்கோடு பொட்டிப்புரம் மலைக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதே, இது எதற்கு?

வந்த பாதுகாப்பு கேரளத்திலிருந்து வாங்கிய இரவல். பொட்டிப்புரத்தில் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதியை 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தபோது கைகொடுத்தது, 12.82 சதுர கி.மீ. பரப்புள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. திட்ட இடத்திலிருந்து அது 4.9 கி.மீ.; சுற்றுச்சூழல் அனுமதி விதி பூங்காவைச் சுற்றிப் போடும் எல்லை 5 கி.மீ. நூறு மீட்டர் தள்ளியிருந்தால் பூங்காவைக் காட்டி வாதாடியிருக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், மதிகெட்டான் ஓடைகள் பன்னியாறு வழியாகப் பெரியாற்றுக்குப் போகின்றன. முல்லைப் பெரியாறு அணைக்கு வெகு கீழே சேர்வதால், அந்தத் தண்ணீர் அணையிலிருந்து வரும் குகை வழியாகக்கூட வைகைக்கு வராது. வைகைக்கு வருவது கிழக்குச் சரிவில், பொட்டிப்புரம் பக்கம் விழும் மழை. விதியோ காம்பஸ் வைத்து வட்டம் போடுகிறது. ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போடிமெட்டு ஏறுகிறவர்கள் தினம் தாண்டும் முகடு அதன் கண்ணில் படவில்லை.

அனுமதியின் மறுபரிசீலனை இன்னும் சாமர்த்தியம். ஒரு கி.மீ. பாறைக்கு அடியில் குடையும் குகையை 2018-இல் ‘கட்டுமானத் திட்டம்’ என்ற இனத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரும் அதே 8(அ) பிரிவில் வைத்து அனுமதித்தார்கள். அங்கே முதலில் கேட்பது கட்டடப் பரப்பை. ஊற்றுக்கண்ணை யாரும் கேட்பதில்லை. அந்த நவம்பரில் தீர்ப்பாயமும் ஒப்பியது, தேசிய வனவிலங்கு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனையோடு. மறுபடியும் பூங்காதான். இந்த மலை கொட்டகுடி, சாம்பலாற்று நீர்ப்பிடிப்பு என்று தமிழக அரசு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. (முன்பு நிலம் ஒதுக்கியதும் தமிழக அரசுதான்.)

2024 வரைவு வட்டத்தை விட்டுக் கிராமத்தைப் பிடித்திருக்கிறது: பரப்பில் 20 சதவீதம் கூருணர்வு நிலமென்றால் முழுக் கிராமமும் உள்ளே. முகடு இதிலும் இல்லை.

வரைவு சொல்லும் மற்றவை சுருக்கமாக.

குவாரி? பட்டியல் கிராமங்களில் புதிதாகக் கூடாது. இருப்பவை ஐந்தாண்டுக்குள் மூடவேண்டும்.

வீடு? 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ கட்டினால்தான் தடை.

நிலம் விற்கலாமா? விற்கலாம்.

கெடு முடிந்ததால் உறுதியாகிவிடுமா? 2014-இலிருந்து இது ஆறாவது வரைவு.