உருகியின் கடமை

1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கொமடோர் 64 என்னும் இல்லக் கணினிக்கு, அதன் மின்வழங்கி 5 வோல்ற்று நேரோட்டத்தையும் 9 வோல்ற்று ஆடலோட்டத்தையும் அளிக்கின்றது. பின்னையதன் வழியில் 1.5 அம்பியர் உருகியொன்று அமைந்துள்ளது. அது அறுந்தவிடத்து, 5 வோல்ற்றில் எரியும் சிறுவிளக்கு ஒளிரும். திரையோ இருண்டே கிடக்கும். தொடக்ககாலக் கணினிகளிற் படத்தைத் தோற்றுவிக்கும் உறுப்பு, அறுந்த அவ்வழியினின்றே தனக்கு வேண்டிய 12 வோல்ற்றைப் பெறுதலே இதற்குக் காரணமாம்.

மின்னோட்டம் இருமடங்காயின் கம்பியிற் பிறக்கும் வெப்பம் நான்மடங்காகும். ஜூல் என்பார் 1841இல் வெளியிட்ட இவ்விதியே உருகிக்கு அடிப்படை. மிகையோட்டம் பாயுங்கால் ஏனைய உறுப்புக்கள் கருகுமுன் மெல்லிய கம்பி தான் உருகி வழியைத் துண்டிக்கின்றது.

ஆதலின், உருகி அறுதல் நோயன்று, நோயின் அறிகுறியே. பின்புறத்து இணைப்பு முனைகளில் 9 வோல்ற்றும் வெளிப்பட்டிருத்தலின், ஆங்குத் தவறாகச் செருகிய கருவியும் குறுஞ்சுற்றை விளைவிக்கும். காரணத்தை நீக்கிய பின்னர், மின்வழங்கியைக் கழற்றிவிட்டு, அதே 1.5 அம்பியர் உருகியையே இடல் வேண்டும். பெரிய உருகியையோ வெறுங்கம்பியையோ இடுதல் காவலனைத் துரத்திக் கதவைத் திறந்து வைத்தலை ஒக்கும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. இவ்வுருகி 5 வோல்ற்று வழியைக் காப்பதன்று. முதுமையுற்ற மின்வழங்கியில் அவ்வழுத்தம் மிகுந்து நினைவக உறுப்புக்களை அழித்தலுமுண்டு. எனவே, கணினியை மீண்டும் இணைக்குமுன் அதனைப் பல்மானியால் அளந்தறிதல் அறிவுடையோர் கடனாகும்.