கிளப் மாறி, கடல் தாண்டி: ஒரு கால்பந்து வீரரின் ஒப்பந்த வாழ்க்கை

கோடை விடுமுறையில் காயல்பட்டினம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் ஊரில் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் பந்தில் வந்து நிற்கும். ஐக்கிய விளையாட்டுச் சங்கம் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுச் சுழற்கோப்பைக்கான அகில இந்தியக் கால்பந்துப் போட்டிதான் காரணம். வெளியூர், வெளிமாநில அணிகள் வந்து இறங்கும். வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்கு ஆட்டம் அத்துப்படி. “இவரு போன தடவ வேற டீம்ல வந்தாருல்லா?” என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். கேட்கிறவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

உலகக் கால்பந்தின் பெரும்பகுதி அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. மெஸ்ஸியும் ரொனால்டோவும் விதிவிலக்குகள். பந்தாடிச் சம்பாதிக்கிறவர்களில் மிகப் பலர் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஒப்பந்தம் போட்டு, அது முடிந்ததும் அடுத்த ஊருக்கோ அடுத்த நாட்டுக்கோ மூட்டை கட்டுகிறவர்கள். அவர்கள் யார், எந்த விதியின் கீழ் ஆடுகிறார்கள், சம்பளம் வராவிட்டால் யாரிடம் போவார்கள் என்பது தாமிரபரணிக் கரையில் பந்து தட்டும் பையன்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கரைக்குப் பிழைப்பைத் தேடி இடம் மாறுவது புதிதல்ல. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையில் இன்று கடலைப் பார்க்க முடியாது. ஏரலைத் தாண்டிப் போனால் பழமையான வன்னி மரமும் சுற்றிலும் வயலும் வாழையும்தான். ஆற்று வண்டல் சேரச் சேரக் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. துறை பழையகாயலுக்கு நகர்ந்தது, பிறகு தூத்துக்குடிக்கு. வணிகமும் ஆட்களும் கூடவே நகர்ந்தார்கள். காயல்பட்டினத்துக்காரர்கள் கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் போய்த் தொழில் செய்தார்கள். தூத்துக்குடியில் தெருவுக்கு ஒருவராவது ‘கப்பலுக்குப் போனவர்’ இருப்பார். அவர் சில மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஏறுவார், முடிந்ததும் இறங்குவார், அடுத்த கப்பல் கிடைக்கும்வரை வீட்டில் காத்திருப்பார். நாடு விட்டு நாடு போய் ஆடும் சாதாரணக் கால்பந்து வீரரின் வாழ்க்கையும் ஏறக்குறைய இப்படித்தான்.

தமிழ்நாடு இதைக் கிட்டத்தில் பார்த்த நாள் ஒன்று உண்டு. 2019 மார்ச் 9, கோவை நேரு விளையாட்டரங்கம். தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீகின் கடைசி நாள். சென்னை சிட்டி அணி வென்றால் கோப்பை அதற்கு; தவறினால் ஈஸ்ட் பெங்காலுக்கு வாய்ப்பு. எதிரணியான மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்க, கோவையில் இடைவேளைக்குப் பிறகு ஒரு பெனால்டி கிடைத்தது. அதைக் கோலாக்கியவர் பெட்ரோ மான்ஸி. அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல் போட, 3-1 என்று ஆட்டம் முடிந்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றுவிட்டது. ஆனாலும் 43 புள்ளியோடு சென்னை சிட்டி சாம்பியன், 42 புள்ளியோடு ஈஸ்ட் பெங்கால் இரண்டாமிடம்.

அந்த அணியின் அமைப்பைக் கவனியுங்கள். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். கோல்கீப்பர் நவ்ஸெட் சந்தானா, தடுப்பாட்டக்காரர் ராபர்ட்டோ எஸ்லாவா, நடுக்களத்தில் சாண்ட்ரோ, நெஸ்டர் கோர்டியோ, முன்னால் மான்ஸி. இவர்கள் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். அங்கே பார்சிலோனா, மாட்ரிட் பக்கம் போகாமல் கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் பையன்கள். மான்ஸி அந்த சீசனில் 21 கோல் போட்டார். முப்பது வயதை ஒட்டி வந்து சேர்ந்தவர், முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸுக்கு எதிராக ஹாட்ரிக். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் பெயர் வெளியே தெரியாத ஒரு ஸ்ட்ரைக்கர் கோவையில் நாயகனானார். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா அவரை அழைத்துக்கொண்டது. பின்னர் மீண்டும் இந்தியா, இம்முறை ராஜஸ்தான் யுனைடெட்.

மான்ஸியை நான் பெரிய வீரர் என்றே சொல்வேன். எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் சில வாரங்களில் புது வெயிலுக்கும் புதுப் புல்தரைக்கும் பழகி, மொழி தெரியாத சக ஆட்டக்காரரிடம் பந்து வாங்கி கோல் போடுவது தனித் திறமை. அதற்கு விருது எதுவும் கிடையாது.

இந்த வாழ்க்கையை எல்லைவரை வாழ்ந்து பார்த்தவர் லுட்ஸ் ஃபான்னன்ஸ்டீல். ஜெர்மனியின் ஸ்வீசல் என்ற சிற்றூரில் 1973இல் பிறந்த கோல்கீப்பர். பேயர்ன் மியூனிக் தன் அமெச்சூர் அணியில் சேரச் சொன்னபோது மறுத்துவிட்டு மலேசியாவின் பினாங்குக்குப் போனார். அதன்பிறகு இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, பின்லாந்து, சிங்கப்பூர், நியூசிலாந்து, நார்வே, கனடா, அல்பேனியா, பிரேசில், நமீபியா என்று இருபத்தைந்து கிளப்புகள். ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையில் ஆடிய முதல் வீரர் அவர்தான். வடகோளத்தில் லீக் ஓயும்போது தென்கோளத்தில் சீசன் நடப்பதால், ஆண்டு முழுக்க வேலை கிடைக்கும்படி நாடுகளைத் தேர்ந்துகொண்டார்.

அந்த வாழ்க்கைக்கு அவர் கொடுத்த விலை சின்னதல்ல. சிங்கப்பூரில் கேலாங் யுனைடெட் அணிக்கு ஆடியபோது ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் சிக்கி 101 நாள் சிறையில் இருந்தார். குற்றம் செய்யவில்லை என்றே இன்றுவரை சொல்கிறார். 2002 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூ அணிக்காக ஆடும்போது எதிரணி வீரர் பாய்ந்து வந்து மோதியதில் அவர் மார்பில் அடி விழுந்தது. மைதானத்திலேயே மூச்சு நின்றது. அணியின் பிசியோ வாயோடு வாய் வைத்து ஊதி உயிரை மீட்டார். மூச்சு மறுபடியும் நின்றது, மறுபடியும் மீட்டார். மூன்று முறை இப்படி நடந்தது. பெரிய மருத்துவ வசதியெல்லாம் இல்லாத கீழ்நிலை லீக் மைதானம் அது. அவர் பிழைத்தார், பிறகும் பல ஆண்டுகள் பல நாடுகளில் ஆடினார்.

தமிழர்களில் இப்படி எல்லை தாண்டிய ஒருவரைச் சொல்வதென்றால் சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி. 1965இல் பிறந்தவர். எதிரணி வீரர்களைப் பந்தோடு ஏமாற்றி ஓடுவதில் பேர்போனவர். சிங்கப்பூருக்கு ஆடினார், மலேசியாவில் கெடாவுக்கு ஆடினார், 1980களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசலுக்கும் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் பயிற்சியாளராகி 2013இல் சிங்கப்பூரின் லயன்ஸ்XII அணிக்கு மலேசிய சூப்பர் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2016 முதல் 2018 வரை சிங்கப்பூர் தேசிய அணியை நடத்தினார். அதே பாசல் கிளப்தான் 2019இல் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. உலகக் கால்பந்து இப்படி எதிர்பாராத இடங்களில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

இனி ஃபிஃபாவின் விதிகளுக்கு வருவோம். ஒரு வீரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறும்போது பழைய நாட்டின் சம்மேளனம் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது வராமல் புதிய கிளப்புக்குப் பொதுவாக ஆட முடியாது. பதிவுக்கு ஆண்டுக்கு இரண்டு கால அவகாசம்தான். ஒரு சீசனில் மூன்று கிளப்புகளில் பதியலாம், ஆனால் பொதுவாக இரண்டுக்கு மட்டுமே ஆடலாம். ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து வருடம். 18 வயதுக்குக் கீழ் என்றால் மூன்று. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் என்ற வீரரின் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பழைய கிளப் பணம் கேட்டுப் பிடித்து வைக்க முடியாது. ஊர் ஊராகப் போகும் பிழைப்புக்குக் கதவை அகலத் திறந்துவிட்ட தீர்ப்பு அது.

ஒப்பந்தத்தின் நடுவில் கிளம்பினால் சிக்கல். சென்னை சிட்டி பட்டம் வென்ற கையோடு, நெஸ்டர் கோர்டியோ ஐதராபாத் பக்கம் போனது தகராறாகி, ஒப்பந்தத்தை மீறியதாக இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவருக்குச் சில மாதம் தடை விதித்தது. ஒப்பந்தம் வீரரையும் கட்டும், கிளப்பையும் கட்டும். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால் வீரர் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்கலாம். 15 நாளில் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம், மீதிக்கு ஃபிஃபா தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். பணம் தராத கிளப்புக்குப் புதிய வீரர்களைப் பதியத் தடை வரும். திவாலான, மூடப்பட்ட கிளப்புகளிடம் மாட்டிக்கொண்ட வீரர்களுக்காக ஃபிஃபா 2020இல் 1.6 கோடி டாலரில் ஒரு நிதியே தொடங்கியது என்றால் இந்தத் துயரம் எவ்வளவு பரவலானது என்று புரியும்.

இந்தப் பாதுகாப்பு சம்மேளனத்தின் வளையத்துக்குள் நடக்கும் ஆட்டத்துக்கு மட்டும்தான். கேரளத்தின் மலப்புறத்தில் கொடிகட்டிப் பறக்கும் ‘செவன்ஸ்’ ஆட்டம் வெளியே இருக்கிறது. அணிக்கு ஏழு பேர், ராத்திரி விளக்கொளியில் ஆட்டம், சுற்றிலும் கட்டிய மரப்பலகை கேலரி. நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் வீரர்கள் ஒரு சீசனுக்கு வந்து ஆடிவிட்டுப் போவார்கள். 2018இல் வந்த ‘சூடானி ஃப்ரம் நைஜீரியா’ மலையாளப் படம் பார்த்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும். கால் உடைந்தால் மேனேஜரின் மனசுதான் இன்சூரன்ஸ். ஃபிஃபாவிடம் முறையிட வழியில்லை.

நம் ஆட்டக்காரர்கள் ஏன் இப்படி வெளிநாடு போவதில்லை என்று மைதானத்தில் அடிக்கடி கேட்பார்கள். போனவர்கள் உண்டு. 1936இல் கொல்கத்தாவின் முகமது சலீம் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு, வெறுங்காலில் துணி கட்டிக்கொண்டு ஆடினார். 1999இல் பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போனார், பிறகு மலேசியாவுக்கும். சுனில் சேத்ரி அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்கும் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் இரண்டாம் அணிக்கும் போனார். ஆனால் 2009இல் லண்டனின் க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் சேத்ரியோடு ஒப்பந்தம் போட்டும் அவருக்கு வேலை அனுமதி கிடைக்கவில்லை, ஃபிஃபா தரவரிசையில் இந்தியா மிகக் கீழே இருந்ததால். தனிப்பட்ட திறமை இருந்தும் நாட்டின் இடம் வழியை மறித்தது. இன்னொரு காரணம் பணம். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வந்தபின் நல்ல வீரருக்கு உள்ளூரில் கிடைத்த சம்பளத்தை ஐரோப்பாவின் மூன்றாம் நிலை கிளப் தராது. குடும்பத்தை விட்டு, குறைந்த கூலிக்கு, உறைபனியில் போய் ஆடுவதற்கு யாரும் எளிதில் துணிவதில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அதனால் நம்மவர்களின் ஓட்டம் நாட்டுக்குள்ளேயே நடக்கிறது. குமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று போய் 2020 மார்ச்சில் ஏடிகே அணியோடு ஐஎஸ்எல் கோப்பையை வென்றார். அதே ஆண்டு நவம்பரில் புதிய சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அந்த சீசன் முழுக்கப் போயிற்று. குறுகிய ஒப்பந்தத்தில் ஆடுகிறவருக்கு முழங்கால்தான் முதலீடு. அவர் முன்பு ஆடிய சென்னை சிட்டி கிளப்போ பட்டம் வென்ற சில ஆண்டுகளில் ஐ-லீகிலிருந்தே காணாமல் போனது. வீரர் கிளப்பை விட்டுப் போவதைப் பேசுகிறோம். கிளப் வீரரின் காலடியிலிருந்து மறைவதும் இதே அளவு நடக்கிறது.

நம் ஊர்களுக்கு நேரடியாக ஆகக்கூடிய ஒரு விதி உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒப்பந்தம் பாக்கி இருக்கும் வீரரை வெளிநாட்டு கிளப் பணம் கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்குக் கால் சதவீதம், 16 முதல் அரை சதவீதம். ஒரு கோடி ரூபாய்க்கு விலைபோன வீரரை 12 வயதிலிருந்து 17 முடியும்வரை ஒரே ஊர் கிளப் வளர்த்திருந்தால் அதற்கு இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்கும். பந்தும் பூட்ஸும் வாங்கவே நன்கொடை வசூலிக்கும் சிறு கிளப்புக்கு அது பெரிய தொகை. ஆனால் அந்தப் பையன் அந்த வயதில் அந்தக் கிளப்பில் ஆடினான் என்று சம்மேளனப் பதிவேட்டில் இருந்தால்தான் கிடைக்கும். கோச்சுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும் என்பது அங்கே செல்லாது.

பெற்றோருக்கு இன்னொன்று. 18 வயது ஆகாத பையனை வெளிநாட்டு கிளப்புக்கு மாற்றுவதை, பெற்றோரே வேறு வேலையாக அந்த நாட்டுக்குக் குடிபெயர்வது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஃபிஃபா அனுமதிப்பதில்லை. எனவே பதினைந்து வயதுப் பையனுக்கு ஐரோப்பாவில் இடம் பிடித்துத் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தால், அவர் விதிக்கு மாறானதைச் சொல்கிறார். வயது வந்தவருக்கென்றால் கிளப்பின் பெயரில் எழுத்துமூல அழைப்பைக் கேட்கலாம். உரிமம் பெற்ற ஏஜென்ட்களின் பட்டியலை ஃபிஃபா தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. வந்தவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பார்த்துவிட முடியும்.